சாகசமே இல்லாத சாகச விளையாட்டு: அட்வெஞ்சர் கேமை எப்படி மதிப்பிடுவது?

என் அக்காவின் மகன் மட்டக்களப்பு, கல்லடியில் இருக்கிறான். சாதாரண தரம் எழுதி முடித்துவிட்டு ஒரு மோட்டார் சைக்கிள் கராஜில் வேலை பழகுகிறான். மிச்ச நேரமெல்லாம் போனில் கேம். ஒருநாள் அவனிடம், "எப்ப பாத்தாலும் சுட்டுக்கொண்டே இருக்கிறாய், ஒரு அட்வெஞ்சர் கேம் விளையாடிப் பாரன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு நாள் கழித்துக் குரல் பதிவு வந்தது. "மாமா, தேடி ஒண்டு இறக்கினன். ஒருத்தன் ஓடுறான், பாயுறான், காசு பொறுக்குறான். இதுல என்ன புதினம்?"

சரி, பிழை என்னுடையது என்று அடுத்த கிழமை நானே ஒரு பழைய லப்டொப்பில் ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். அரை மணித்தியாலம் பொறுமையாக இருந்தான். பிறகு நேர்மாறான முறைப்பாடு: "இதுக்குள்ள ஒருத்தனும் ஓடுறானுமில்ல, சுடுறானுமில்ல. ஒண்டுமே நடக்குதில்லயே மாமா."

இரண்டு முறைப்பாட்டுக்கும் காரணம் ஒன்று: பெயர். அட்வெஞ்சர் என்றால் சாகசம், சாகசம் என்றால் பாய்ச்சல் என்று நினைக்கிறோம். போன் ஸ்டோர்களிலும் அந்தப் பிரிவைத் திறந்தால் குதிப்பதும் சுடுவதும் வீடு கட்டுவதும் ஒரே கூடையில் கிடக்கின்றன. இதனால் வருகிற வினை, மதிப்புரைகளில் தெரியும். "கிராபிக்ஸ் சூப்பர், சண்டை குறைவு, பத்துக்கு ஆறு" என்று எழுதியிருப்பார்கள். சண்டை இருக்கவே கூடாத இடத்தில் சண்டை குறைவு என்று புள்ளி வெட்டுவது, பால்சோற்றில் உறைப்பு இல்லை என்று குறை சொல்வது போல.

ஆகவே முதலில் பொருள் என்னவென்று பார்த்துவிட்டு, பிறகு அதை நிறுத்துப் பார்ப்பது எப்படி என்ற பேச்சுக்கு வருவோம்.

கிணற்றுக்குள் வாளி

கயிறு அறுந்து வாளி கிணற்றுக்குள் விழுந்துவிட்டது. கொக்கத்தடியை விட்டுப் பார்க்கிறீர்கள், எட்டவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடம் நீளக் கயிறு இருக்கிறது. ஆனால் போன மாதம் வாங்கிய சுளகைத் திருப்பிக் கொடுத்தால்தான் அவர் முகம் கொடுத்துப் பேசுவார். சுளகு பின்னறைக்குள். பின்னறை பூட்டியிருக்கிறது. திறப்பு தம்பியின் சேர்ட்டுப் பொக்கற்றுக்குள். சேர்ட் கொடியில் காய்கிறது.

ஒரு அட்வெஞ்சர் கேமின் எலும்புக்கூடு முழுக்க இதற்குள் இருக்கிறது. நீங்கள் ஓடவில்லை, பாயவில்லை. பார்த்தீர்கள், எடுத்தீர்கள், பேசினீர்கள், ஒன்றோடு ஒன்றைக் கட்டினீர்கள். திறப்பை எடுத்தால் சுளகு, சுளகைக் கொடுத்தால் கயிறு, கயிற்றில் கொக்கியைக் கட்டினால் வாளி. இப்படி ஒன்று மற்றொன்றுக்காகக் காத்திருக்கும் தடையைத்தான் புதிர் என்கிறோம். கேமில் நீங்கள் பொறுக்கிச் சேர்த்த சாமான்கள் இருக்கும் இடத்துக்கு இன்வென்டரி என்று பெயர். எங்கள் அப்பாச்சியின் கொட்டப்பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள்: வெற்றிலை, பாக்கு, சில்லறை, மாமாங்கத் திருநீறு, யாருடையதென்றே தெரியாத ஒரு திறப்பு. எப்போது எது உதவும் என்று அவருக்கே தெரியாது. ஆனால் எதையும் எறியமாட்டார்.

கிளித்தட்டு கால்களைச் சோதிக்கிறது. நொடி, அதாவது விடுகதை, போட்டு விடை கேட்பது புத்தியைச் சோதிக்கிறது. அட்வெஞ்சர் கேம் நொடியின் பக்கம். இரண்டையும் கலந்தவையும் உண்டு. 1986இல் வந்த த லெஜண்ட் ஒஃப் செல்டா, 1996இல் வந்த டூம் ரெய்டர் போன்றவற்றை அக்ஷன் அட்வெஞ்சர் என்று தனியாகச் சொல்வார்கள். அவற்றில் கையும் வேகமாக ஓடவேண்டும். இந்தக் கட்டுரை அவற்றைப் பற்றியதல்ல.

பெயர் வந்த வழி

1970களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் வில் குரோதர் என்ற கணினி நிரலாளர் இருந்தார். குகைகளுக்குள் இறங்கி வரைபடம் போடுவதில் அவருக்குப் பைத்தியம். கென்டக்கி மாநிலத்தின் மம்மத் குகையில் தான் நடந்த பகுதியை அப்படியே வைத்து, தன் பிள்ளைகளுக்காக ஒரு கணினி விளையாட்டு எழுதினார். படம் ஒன்றும் கிடையாது, வெறும் எழுத்து. 1977இல் டொன் வூட்ஸ் என்பவர் அதை விரித்து, மாயமந்திரமும் புதையலும் இன்னும் கூட்டினார். அந்தக் கணினியில் கோப்புப் பெயருக்கு ஆறு எழுத்துத்தான் இடம். அட்வெண்ட் என்று வெட்டிப் போட்டார்கள். முழுப்பெயர் கொலோசல் கேவ் அட்வெஞ்சர். அதைப் போல வந்த எல்லாவற்றையும் பிறகு அட்வெஞ்சர் என்றே அழைத்தார்கள். அதாவது இது ஒரு குணத்தின் பெயர் இல்லை, மூத்த பிள்ளையின் பெயர். குடும்பத்துக்கே ஒட்டிக்கொண்டது.

விளையாடும் விதம் இதுதான். கணினி எழுதும்: நீ ஒரு பாதையின் முடிவில் நிற்கிறாய், எதிரே செங்கல் கட்டடம். நீங்கள் தட்டச்சில் இரண்டு சொல் கொடுக்கவேண்டும்: உள்ளே போ, விளக்கை எடு. நீங்கள் தட்டிய சொற்களைப் பிரித்து, இது செயல், இது பொருள் என்று புரிந்துகொள்ளும் பகுதிக்குப் பார்சர் என்று பெயர். அதற்குத் தெரிந்த சொற்கள் கொஞ்சம்தான். விளக்கு என்றால் தெரியும், லாம்பு என்றால் விழிக்கும். ஊருக்குப் புதிதாக வந்த கிராம சேவகரிடம் "அங்கால கிறுகி இஞ்சால வாங்கோ" என்று வழி சொன்னது போல.

சின்ன வயதில் அப்பாச்சி கதை சொல்லும்போது, அவர் வெற்றிலை மடிக்க நிறுத்தினால் நாங்கள் "மறுகா?", அதாவது பிறகு என்ன, என்று கேட்போம். மட்டக்களப்பில் பிறந்த யாருக்கும் அந்தச் சொல்லை விளக்கத் தேவையில்லை. படம் பார்க்கும்போதும் கதை கேட்கும்போதும் மறுகா என்று கேட்பவர் நாம். இந்த விளையாட்டில் கேள்வி திரும்பி வருகிறது. கதை நின்றுகொண்டு நம்மைப் பார்த்து "மறுகா?" என்கிறது. மருமகன் ஒன்றும் நடக்கவில்லை என்று சொன்னானே, அது உண்மைதான். அவன் மறுகா என்று காத்திருந்தான், கேமும் அவனைப் பார்த்து மறுகா என்று காத்திருந்தது.

உள்ளே என்ன நடக்கிறது

கணினிக்குள் ஒரு கொப்பி இருக்கிறது என்று வையுங்கள். பக்கம் முழுக்க ஆம், இல்லை என்ற பதில்கள்: திறப்பு கையில் உண்டா? இல்லை. பின்னறை திறந்ததா? இல்லை. பெரியம்மா கோபமா? ஆம். ஒரு கணத்தில் அந்தக் கொப்பியில் உள்ள பதில்கள் எல்லாம் சேர்ந்ததுதான் விளையாட்டின் நிலை. நீங்கள் ஒன்றைச் செய்யும்போது கேம் கொப்பியைப் பார்க்கிறது. திறப்பு கையில் இருந்தால் கதவுக்கு நேரே "ஆம்" என்று மாற்றும், இல்லாவிட்டால் "பூட்டியிருக்கிறது" என்று சொல்லும். அவ்வளவுதான். மூளையும் இல்லை, மந்திரமும் இல்லை.

1980இல் ரொபேர்ட்டா வில்லியம்ஸும் கென் வில்லியம்ஸும் மிஸ்டரி ஹவுஸ் என்ற கேமில் எழுத்தோடு கோட்டுப் படத்தையும் சேர்த்தார்கள். 1984இல் அவர்களின் கிங்ஸ் குவெஸ்ட்டில் திரைக்குள்ளே ஆள் நடந்தான். 1987இல் லூகாஸ்ஃபிலிம் கேம்ஸின் மேனியக் மென்ஷன், தட்டச்சையே தூக்கிவிட்டது. திற, எடு, கொடு என்ற சொற்கள் திரையின் அடியில் கிடக்கும், திரையில் நகரும் குறியால் ஒரு சொல்லையும் ஒரு பொருளையும் தொட்டால் போதும். இதற்குப் பொயின்ட் அன்ட் கிளிக் என்று பெயர். 1993இல் வந்த மிஸ்ட் அந்தச் சொற்களையும் எடுத்துவிட்டு, ஆளில்லாத ஒரு தீவில் உங்களை விட்டது. முகம் மாறிக்கொண்டே வந்தது, உள்ளே இருக்கிற கொப்பி மாறவில்லை.

சுருக்கமாக: அட்வெஞ்சர் கேம் என்பது புதிர்களால் பூட்டப்பட்ட கதை. புதிரை அவிழ்க்காமல் கதை நகராது. கை வேகம் கணக்கில் இல்லை. அதனால் இதை மதிப்பிட வருபவர் கையை விட்டுவிட்டுப் புதிரைப் பார்க்கவேண்டும்.

விடை தெரிந்ததும் சிரிப்பா, கோபமா?

மூன்று கண் உண்டு, சிவனில்லை. தண்ணீர் சுமக்கும், மேகமில்லை. உச்சியில் குந்தியிருக்கும், குருவியில்லை. என்ன?

தேங்காய். தெரியாதவர் விடையைக் கேட்டதும் தலையில் தட்டிக்கொண்டு சிரிப்பார். கண், தண்ணீர், உச்சி, எல்லாம் முன்னாலேயே சொல்லப்பட்டவை. பொருத்திப் பார்க்காதது அவர் பிழை. விடை "பேருந்து" என்று சொல்லியிருந்தால்? நொடி போட்டவருக்கு அடி விழும்.

ஒரு புதிர் நியாயமானதா என்று பார்க்க எனக்குத் தெரிந்த ஒரே சோதனை இதுதான். விடையைப் பார்த்த பிறகு வாயில் வருகிற முதல் சொல் என்ன? "சே, எனக்கேன் இது தோணல்ல" என்றால் நல்ல புதிர். "இத ஆரு நினைப்பான்?" என்றால் கெட்ட புதிர். கடினமா இலேசா என்பது வேறு கேள்வி.

மருமகன் முட்டிக்கொண்ட இடம் இதற்கு நல்ல உதாரணம். 1991இல் வந்த மங்கி ஐலண்ட் 2 என்ற கடற்கொள்ளையர் கேம். ஓர் அருவியை நிறுத்தவேண்டும். மேலே பம்ப் ஒன்று இருக்கிறது, அதைத் திருகக் கருவி இல்லை. இன்னொரு தீவின் மதுக்கடையில் பியானோ வாசிக்கும் குரங்கு ஒன்று உண்டு. தாளம் காட்ட ஊசல் போல ஆடும் கருவியில் வாழைப்பழத்தை மாட்டி ஆடவிட்டால் குரங்கு மயங்கி விறைத்துப்போகும். அதைத் தூக்கிக் கொட்டப்பெட்டிக்குள் போட்டுக்கொண்டு வந்து, அந்தக் குரங்கையே ஸ்பானர் போலப் பிடித்துப் பம்பைத் திருகவேண்டும்!

ஏன் குரங்கு? அமெரிக்காவில் அந்தக் கருவியை மங்கி ரென்ச் என்கிறார்கள், குரங்குத் திருகி. சொல்லில் ஒரு சிலேடை, அவ்வளவுதான். எங்கள் மருமகனின் கைகள் விடிந்தது முதல் ஸ்பானர் பிடிக்கிற கைகள். எட்டு, பத்து, பன்னிரண்டு, பதினாலு என்று நம்பர் பாராமலே எடுப்பான். அவனுக்கே அந்தப் புதிர் விளங்கவில்லை, ஏனென்றால் கராஜில் அதன் பெயர் ஸ்பானர். பிரித்தானியாவிலும் ஸ்பானர்தான். கருவி தெரிந்தவனும் தோற்கிறான், அமெரிக்கச் சொல் தெரிந்தவன் மட்டும் வெல்கிறான். எனக்கு இந்தக் கேம் உயிர். ஆனாலும் இந்தப் புதிர் அநியாயம் என்று மதிப்புரையில் எழுதத்தான் வேண்டும்.

நாங்களும் இதே பிழையைச் செய்யலாம். கல்லடிப் பாலத்தடியில் ஒரு கேம் நடக்கிறது என்று வையுங்கள். வாவியில் பாடும் மீனின் ஓசையைக் கேட்டால்தான் கதை நகரும். பௌர்ணமி இரவில் தோணியில் போய், துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையில் காதை வைக்கவேண்டும். மட்டக்களப்பானுக்கு இது புதிரே இல்லை. போலந்தில் இருந்து விளையாடும் பெட்டைக்கு? ஏழு பிறப்பெடுத்தாலும் தோன்றாது. இந்த இடத்தில் பாலத்தடியில் தூண்டில் போடும் ஒரு கிழவரை இருத்தி, "அந்தக் காலத்துல துடுப்புல காத வெச்சுக் கேப்பம், மகள்" என்று ஒரு வார்த்தை சொல்லவைத்தால் போதும். புதிரின் கடினம் குறையாது, நியாயம் வந்துவிடும். மதிப்பிடுபவர் தேடவேண்டியது அந்தக் கிழவரைத்தான்.

இன்னும் பிரபலமான ஒன்று 1999இல் வந்த கேப்ரியல் நைட் 3. கதாநாயகன் ஒரு மோட்டார் சைக்கிளை வாடகைக்கு எடுக்க, நண்பனைப் போல வேஷம் போடவேண்டும். கதவு ஓட்டையில் ஒட்டுநாடாவை ஒட்டி, பூனையை விரட்டி அதற்குள்ளால் ஓடவிட்டு, நாடாவில் ஒட்டிய பூனை மயிரை மேப்பிள் பாணியால் முகத்தில் ஒட்டி மீசை செய்யவேண்டும். வேடிக்கை என்னவென்றால் அந்த நண்பனுக்கு மீசையே கிடையாது. ஆகவே அவனுடைய கடவுச்சீட்டுப் படத்திலும் பேனையால் மீசை வரையவேண்டும். சிரிப்பு வருகிறது, சரி. ஆனால் அந்தச் சிரிப்புக் கதைக்குள்ளிருந்து வரவில்லை.

பிட்டும் தேங்காய்ப்பூவும்

எங்கள் ஊரில் தமிழரும் முஸ்லிம்களும் வாழ்ந்த விதத்தைச் சொல்ல ஒரு பழைய உவமை உண்டு: குழலுக்குள்ளே பிட்டும் தேங்காய்ப்பூவும் போல. வேறு வேறாகத் தெரியும், ஒன்றாகத்தான் வேகும். நல்ல அட்வெஞ்சர் கேமில் கதையும் புதிரும் அப்படி இருக்கவேண்டும். புதிரைத் தூக்கிவிட்டால் கதை உதிரவேண்டும்.

1990இல் வந்த முதல் மங்கி ஐலண்டில் இது எப்படி நடக்கிறதென்று பாருங்கள். ரொன் கில்பர்ட்டும் அவரோடு டிம் ஷேஃபர், டேவ் கிராஸ்மன் ஆகியோரும் எழுதியது. நாயகன் கடற்கொள்ளைக்காரனாக ஆசைப்படும் ஒரு பொடியன். வாட்சண்டை பழகவேண்டும். வேறு கேமாக இருந்தால் பட்டனை அமத்தி வெட்டவிட்டிருப்பார்கள். இங்கே சண்டை நாக்கால். எதிரி ஒரு வசை சொல்வான், அதற்குப் பொருத்தமான எதிர்வசை சொன்னால் அவன் பின்வாங்குவான். எங்கள் கொம்புமுறி விளையாட்டில் வடசேரியாரும் தென்சேரியாரும் பாட்டால் ஒருவரை ஒருவர் ஏசுவார்களே, அந்த மாதிரி. ஆரம்பத்தில் உங்களுக்கு ஒன்றும் தெரியாது, தோற்பீர்கள். தோற்கும்போதே எதிரியின் வசை உங்கள் வசமாகும். அதை அடுத்தவனிடம் சொன்னால் அவன் பதிலும் வசமாகும். கடைசியில் ஊரின் பெரிய வாள்வீராங்கனையிடம் போனால், அவள் சொல்வதெல்லாம் கேட்டறியாத வசைகள். பழைய பதில்களில் எது இந்தப் புதுவசைக்குப் பொருந்தும் என்று நீங்களே பொருத்தவேண்டும். அங்கே புதிரும் வந்துவிட்டது, பொடியன் வளர்ந்த கதையும் வந்துவிட்டது. எதையும் பிரித்தெடுக்க ஏலாது.

இந்த இடத்தில் ஒரு மூச்சு விடுவோம். இரண்டு கேள்விகள் சேர்ந்திருக்கின்றன. விடையின் துப்புகள் முன்னாலேயே போடப்பட்டிருந்தனவா? புதிர் கதையோடு சேர்ந்து வெந்ததா? கிராபிக்ஸ், இசை, குரல் எல்லாம் இவற்றுக்குப் பிறகுதான்.

பழையதைப் பார்க்கும்போது

பழைய கேம்களைப் பற்றி இரண்டு வகையாகப் பேசுகிறார்கள். "அந்தக் காலத்துச் சாமான் போல வராது" என்பது ஒன்று. "பிக்சல் பிக்சலாக இருக்கிறது, ஐந்து நிமிஷத்தில் மூடிவிட்டேன்" என்பது மற்றது. இரண்டிலும் மதிப்பீடு இல்லை.

பழையவற்றில் உண்மையான குற்றம் என்றால் முட்டுச்சந்தைச் சொல்வேன். கொப்பியை மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள். எந்த வழியாலும் முடிவுக்குப் போகமுடியாத ஒரு நிலைக்கு நீங்கள் வந்துவிட்டீர்கள், ஆனால் கேம் அதைச் சொல்லவில்லை. அதுதான் முட்டுச்சந்து. 1990இல் வந்த கிங்ஸ் குவெஸ்ட் 5இல், ஊருக்குள் கஸ்டர்ட் பை என்ற இனிப்புப் பண்டம் ஒன்றை வாங்கலாம். மலையில் நாயகனுக்குப் பசிக்கும். கொட்டப்பெட்டிக்குள் பண்டம் இருக்கிறது, பசிக்கிறது, எடுத்துத் தின்பது மனுஷ இயல்பு. தின்றால் முடிந்தது கதை. கொஞ்சத் தூரத்தில் ஒரு பனிப்பூதம் வரும், அதன் முகத்தில் எறிய அந்தப் பண்டம்தான் வேண்டும். சேமித்து வைத்த பழைய இடத்துக்குத் திரும்பிப்போய் மறுபடி விளையாடுவதைத் தவிர வழியில்லை. அதே 1990இல் வந்த மங்கி ஐலண்ட் இந்த வேலையைச் செய்யாது. அங்கே நீங்கள் சாக நினைத்தாலும் இலேசில் சாகவிடமாட்டார்கள். நாயகன் தண்ணீருக்கடியில் பத்து நிமிஷம் மூச்சடக்குவான், அதற்கு மேலும் நீங்கள் சும்மா பார்த்துக்கொண்டிருந்தால்தான் செத்துப்போவான். ஒரே வருடத்தில் வந்த இரண்டு கேம்கள். ஆகவே "அந்தக் காலத்தில் அப்படித்தான்" என்ற சாட்டு முழுக்கச் செல்லாது.

பிக்சல் வேட்டை என்று இன்னொன்று உண்டு. கல்லடிக் கடற்கரை மணலில் விழுந்த தோட்டைத் தேடுவது போல, திரையில் ஒரு புள்ளியளவு பொருளை மவுஸால் தடவித் தடவித் தேடுவது. அது புதிரல்ல, கண்ணுக்குத் தண்டனை.

காலத்தின் மேல் போடக்கூடியவையும் இருக்கின்றன. அன்றைக்குப் பெட்டிக்குள் கேமோடு காகிதங்களும் வந்தன. முதல் மங்கி ஐலண்டோடு கடற்கொள்ளையர் முகங்களைச் சுழற்றிப் பொருத்தும் ஒரு அட்டைச் சக்கரம் வந்தது. களவுப் பிரதியைத் தடுக்கும் பூட்டு அது. இன்ஃபோகொம் நிறுவனம் கண்ணுக்குத் தெரியாத மையில் அச்சிட்ட குறிப்புப் புத்தகங்களை விற்றது. தனியாகத் தந்த பேனையால் தேய்த்தால், எவ்வளவு உதவி தேவையோ அவ்வளவு மட்டும் தெரியும். எங்களுக்கு இதெல்லாம் வந்து சேரவில்லை. வந்தது சீடி. 2000களின் தொடக்கத்தில் நகரில் ஒரு கடையில் கிரிம் ஃபண்டாங்கோ வாங்கினேன். 1998இல் வந்தது, செத்தவர்களின் உலகத்தில் பயண முகவராக வேலை பார்க்கும் ஒரு எலும்புக்கூட்டின் கதை. செய்த புண்ணியத்துக்கு ஏற்ற வாகனம், எங்கள் சித்திரகுப்தனாரின் கந்தோர் மாதிரி. இரண்டு சீடி இருக்கவேண்டும், கடைக்காரர் தந்த உறைக்குள் இருந்தது ஒன்று. கதை சூடேறிய இடத்தில் "அடுத்த தட்டைப் போடு" என்றது. முடிவைப் பார்த்தது 2015இல் ரீமாஸ்டர் வந்த பிறகுதான். ரீமாஸ்டர் என்றால் பழைய கேமைக் கலைக்காமல், படத்தையும் ஒலியையும் துடைத்து இன்றைய கணினிக்கு ஏற்றதாக்குவது. பார்த்தபோது தெரிந்தது: கதை அப்படியே பொன், புதிர்களில் சில அன்றைக்கும் இன்றைக்கும் அழுகல். இளமையில் நான் என்னை மடையன் என்று நினைத்த இரண்டு இடங்களில் நான் மடையன் இல்லை.

பழையதை எழுதும்போது, வந்த காலத்தில் அது என்ன செய்தது என்று ஒரு பந்தியும், இன்று திறந்தால் என்ன நடக்கும் என்று ஒரு பந்தியும் தனித்தனியே எழுதுங்கள். இரண்டையும் பிசைந்தால் வாசிப்பவருக்கு ஒன்றும் விளங்காது.

புதியதைப் பார்க்கும்போது

புதியவை பலவற்றில் கொட்டப்பெட்டியே இல்லாமல் போய்விட்டது. 2012இல் வந்த த வோக்கிங் டெட் கேமில் பொருள் தேடுவது பெயருக்குத்தான். யாரைக் காப்பாற்றுவது, யாரிடம் பொய் சொல்வது என்று தெரிவு செய்வதுதான் விளையாட்டு. இதை எழுதும் பலர் "உங்கள் தெரிவு கதையையே மாற்றும்" என்று விளம்பரத்தைத் திருப்பிச் சொல்கிறார்கள். மட்டக்களப்பில் இருந்து கல்முனைக்குப் போகிறவருக்குத் தெரியும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. எந்த ஒழுங்கைக்குள்ளால் கிறுகினாலும் கடைசியில் பிரதான வீதியில்தான் வந்து ஏறவேண்டும். இந்தக் கேம்களின் கிளைகளும் பெரும்பாலும் அப்படித்தான். அது ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். ஒழுங்கைக்குள் பார்த்த காட்சி மனதில் நிற்கிறதா என்பதுதான் கேள்வி. ஆனால் ஒழுங்கைகள் சேர்கின்றன என்பதை மதிப்புரை மறைக்கக் கூடாது.

இன்னொரு வகையில் அறிவே கொட்டப்பெட்டி. லூகாஸ் போப் 2018இல் வெளியிட்ட ரிட்டர்ன் ஒஃப் த ஒப்ரா டின்னில், கிழக்கிந்தியக் கம்பனிக் கப்பலொன்று ஆளில்லாமல் திரும்பி வருகிறது. அதில் போன 60 பேரும் யார், எப்படிப் போனார்கள் என்று நீங்கள் கண்டுபிடிக்கவேண்டும். ஒருவர் படுக்கும் தொங்கு படுக்கையின் இலக்கம், ஒருவரின் பேச்சு, ஒருவரின் சப்பாத்து, இவைதான் துப்பு. மூன்று பேரைச் சரியாகச் சொன்னால்தான் கேம் "சரி" என்று ஒத்துக்கொள்ளும். ஒவ்வொருவராக உறுதி செய்தால் குருட்டாம்போக்கில் அடித்துப் பார்ப்பார்கள் என்று அதை அடைத்திருக்கிறார். 2019இல் வந்த அவுட்டர் வைல்ட்ஸ் இன்னும் ஒரு படி மேல். 22 நிமிஷத்தில் எல்லாம் அழிந்து மறுபடி முதலில் இருந்து தொடங்கும். உங்களிடம் தங்குவது நீங்கள் அறிந்துகொண்டது மட்டும்.

இவற்றை மதிப்பிடுவதில் ஒரு சங்கடம் உண்டு. அறிவுதான் திறப்பு என்றால், வாய் தவறிச் சொன்ன ஒரு வசனமே வாசகரின் விளையாட்டைக் கெடுத்துவிடும். அப்படி முன்கூட்டி உடைப்பதை ஸ்பாய்லர் என்கிறோம். நான் வைத்திருக்கும் வழக்கம்: பூட்டைப் பற்றி எவ்வளவும் பேசலாம், திறப்பைப் பற்றிப் பேசக் கூடாது. மேலே மங்கி ஐலண்ட் 2இன் திறப்பை உடைத்துச் சொன்னேனே என்றால், அது பூட்டே பழுதான இடம், சொல்லிவிடுவது புண்ணியம்.

தமிழருக்கு நெருக்கமான ஒன்றையும் சொல்லவேண்டும். ரொறன்ரோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட வெண்பா. 1980களில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பம். தாயின் பழைய சமையல் கொப்பியில் எழுத்து அழிந்துபோயிருக்கும். மிச்சமிருக்கும் வரிகளை வைத்து இட்டலியும் பிட்டும் எந்த ஒழுங்கில் செய்வது என்று ஊகிக்கவேண்டும். இரண்டு மணித்தியாலம்கூட ஓடாது. புதிர்கள் எங்களுக்கு மிக இலேசு: பிட்டுக் குழலுக்குள் எது முதலில் போகும் என்று எங்கள் வீட்டில் எட்டு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அழிந்த வரியைத் தேடுவதும், ஊர் மறந்துபோவதும் அந்தக் கேமில் ஒரே விஷயம். புதிரை எடுத்துவிட்டால் கதை நிற்காது. பிட்டும் தேங்காய்ப்பூவும் என்று நான் சொன்னதற்கு இதைவிட நேரடியான சான்று கிடைக்காது.

எழுத உட்காரும்போது

பத்துக்கு எத்தனை என்று போடுவதை நான் விட்டுவிட்டேன். எட்டுக்கும் எட்டரைக்கும் இடையில் என்ன இருக்கிறது என்று எனக்கே விளங்காமல் போனதுதான் காரணம். அதற்குப் பதிலாக, சிக்கி நின்ற ஒரு இடத்தை எடுத்து, எவ்வளவு நேரம் நின்றேன், எப்படி வெளியே வந்தேன் என்று எழுதுவேன். யூடியூபில் முழு விடையையும் பார்த்து வெளியே வந்தால், "பார்த்தேன்" என்று எழுதிவிடுங்கள். பார்த்து முடித்தவரும் தானே முடித்தவரும் ஒரே கேமை விளையாடவில்லை. 2022இல் வந்த ரிட்டர்ன் டு மங்கி ஐலண்டில் படிப்படியாகத் துப்புத் தரும் புத்தகம் கேமுக்குள்ளேயே இருக்கிறது. அந்தப் பழைய மைப் புத்தகத்தின் பேரப்பிள்ளை. அது நல்ல ஏற்பாடு, எங்கே திறந்தீர்கள் என்று குறிப்பிட்டால் போதும்.

தமிழில் எழுதுபவர் கட்டாயம் சொல்லவேண்டியது ஒன்று உண்டு, பெரும்பாலும் மறந்துபோகிறார்கள்: எவ்வளவு ஆங்கிலம் வேண்டும்? இந்த வகை முழுக்கச் சொல்லால் கட்டியது. பேசுவதை நிறுத்தி நிறுத்தி வாசிக்கலாமா, எழுத்து கீழே வருகிறதா, சிலேடை தெரியாவிட்டால் சிக்குமா என்று ஒரு வரி போட்டால் எத்தனையோ பிள்ளைகளுக்கு உதவும். மிஸ்ட்டுக்கு ஆங்கிலம் ஓரளவு போதும். வசைச் சண்டைக்கு நிறைய வேண்டும்.

காசு செலவழிக்காமல் பழகிப் பார்க்க விரும்புபவருக்கு வழி இருக்கிறது. ஸ்கம்விஎம் என்ற இலவச மென்பொருள் 2001 முதல் பழைய அட்வெஞ்சர் கேம்களை இன்றைய கணினியிலும் அண்ட்ரொய்ட் போனிலும் ஓடவைக்கிறது. 1994இல் வந்த பினீத் எ ஸ்டீல் ஸ்கை என்ற கேமை அதன் உரிமையாளர்களே 2003இல் இலவசமாகக் கொடுத்துவிட்டார்கள், களவில்லை. பழைய லப்டொப் போதும். கரண்ட் போனாலும் பயமில்லை, அடிக்கடி சேமித்துக்கொண்டால் சரி.

மருமகன் குரங்கோடு நாலு நாள் மல்லுக்கட்டினான். நான் விடை சொல்லவில்லை. "அந்தக் குரங்கு சும்மா குரங்கில்ல, மகன்" என்று மட்டும் சொன்னேன். அதுவும் உதவவில்லை, கடைசியில் யூடியூப் பார்த்துவிட்டான். அன்றிரவு வாட்ஸ்அப்பில் ஒரு பதிவு போட்டிருந்தான்:

"மங்கி ஐலண்ட் 2. கதை செம. பகிடி செம. ஒரு இடத்துல குரங்க ஸ்பானராக்கச் சொல்றான். எங்கட கராஜில அதுக்கு அப்பிடிப் பேரில்ல. அந்த இடத்த மட்டும் யூடியூப்புல பாருங்க, மிச்சத்த நீங்களே செய்ங்க."

அடியில் இன்னொரு வரி, எனக்கு: "மாமா, முதலாவது பாகம் இரிக்கா?"